ஞாயிற்றுக்கிழமை வந்த ஏஜென்ட்

(திண்டுக்கல்லில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திண்டுக்கல்லில் ஆயுள் காப்பீட்டைப் பற்றிப் பேச வருகிறவர் பூட்டை உவமை சொல்லாமல் மேடையை விட்டு இறங்குவதில்லை. குடும்பத்துக்குப் போட்ட திண்டுக்கல் பூட்டுதான் பாலிசி என்று எத்தனையோ கூட்டங்களில் கேட்டாயிற்று. பூட்டுப் பட்டறைக்காரர் மகன் என்ற உரிமையில் சொல்கிறேன், அந்த உவமை தப்பு. பூட்டு திருடனை வாசலில் நிறுத்தும். பாலிசி எமனை நிறுத்தாது. அவன் வந்துபோன பிறகு அந்த வீட்டில் அடுப்பு எரியுமா என்பதுதான் அதன் கவலை. ஆகவே இன்று பூட்டு இல்லை.

இன்னொரு வேடிக்கையைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். இந்தக் கூட்டத்தை ஆங்கிலத்தில் எண்டோமென்ட் லெக்சர் என்கிறார்கள். நம் வீட்டு பீரோக்களில் துணிக்கடியில் கிடப்பவற்றில் பெரும்பாலானவை எண்டோமென்ட் பாலிசிகள். இரண்டும் ஒரே சொல். தனக்குப் பிறகும் நடக்கவேண்டிய ஒரு காரியத்துக்காக இன்றைக்கே பணத்தை ஒதுக்கி வைப்பது. இந்த அறக்கட்டளை யார் நினைவாக நிறுவப்பட்டதோ அவர் எல்.ஐ.சி. ஏஜென்டாக இருந்தவர். அவர் பெயரை மேடையில் சொல்லக் கூடாது என்பது குடும்பத்தார் போட்ட நிபந்தனை. நிபந்தனையைக் காப்பாற்றுகிறேன், ஆனால் அவர் இந்தப் பேச்சுக்குள் வந்து போவார்.

1963. குடைப்பாறைப்பட்டியில் எங்கள் வீடு. அப்பாவுக்குப் பட்டறையில் அரம் பிடிக்கிற வேலை. உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி, சனிக்கிழமை சாயங்காலம் கணக்கு முடிப்பார்கள். அதனால் ஏஜென்ட் ஞாயிற்றுக்கிழமை காலையில் வருவார். சைக்கிள் கேரியரில் ரெக்சின் பை, சட்டைப் பையில் மை பேனா. திண்ணையில் உட்கார்ந்து முன்மொழிவுப் படிவத்தை விரித்தார்.

"அண்ணே, வயசு என்ன போடட்டும்?"

"கோட்டை மாரியம்மனுக்குக் கொடியேறுன அன்னைக்குப் பொறந்தேன்னு ஆத்தா சொல்லும்."

"மாசி மாசம்னு தெரியுது. வருசம்?"

அப்பா ஆத்தாவைப் பார்த்தார். ஆத்தா கூரையைப் பார்த்தாள். பிறப்புச் சான்றிதழ் கிடையாது, பள்ளிக்கூடச் சான்றிதழ் கிடையாது, ஜாதகம் எழுதவில்லை. இப்படிப்பட்டவர்களுக்கு எல்.ஐ.சி. ஒரு வழி வைத்திருந்தது. அந்த மனிதரைச் சிறு வயதிலிருந்து அறிந்த பெரியவர் ஒருவர், இவருக்கு இத்தனை வயதிருக்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஏற்றுக்கொள்வார்கள். பிரீமியம் கொஞ்சம் கூடலாம், அவ்வளவுதான். எதிர் வீட்டுத் தாத்தா கையெழுத்துப் போட்டு எங்கப்பாவுக்கு வயது கிடைத்தது. ஓட்டர் லிஸ்டில் அதுவரை வேறு வயது இருந்தது என்பது பின்னால் தெரிந்தது.

அடுத்த கேள்வி: "அண்ணே, உங்கப்பா எத்தனை வயசுல தவறுனாரு? என்ன நோவு?"

உள்ளேயிருந்து அம்மா குரல் வந்தது. "காலங்காத்தால என்ன சாவுப் பேச்சு?"

ஏஜென்ட் தலையைத் தூக்காமலே சொன்னார்: "சாவுப் பேச்சு இல்ல மதினி, கல்யாணப் பேச்சு. இருபது வருசத்துல பாப்பா கல்யாணத்துக்குப் பணம் வரும்."

அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். பாலிசி முடிந்தது. 2,000 ரூபாய்க்கு.

நாற்பது வருஷம் வணிகவியல் பாடம் நடத்தியவன் நான். நம் நாட்டு ஆயுள் காப்பீட்டைப் பற்றி எத்தனையோ அறிக்கைகளைப் படித்தபிறகும் அந்தத் திண்ணைப் பேச்சைத் தாண்டிய விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. சாவுக்கு எதிரான ஏற்பாட்டை, கல்யாணத்துக்கான சேமிப்பாக ஒரே மூச்சில் மாற்றினார் அவர். மாற்றாவிட்டால் அம்மா காபி கொடுத்திருக்க மாட்டாள். மாற்றியதால் நேர்ந்தது என்ன என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது.

முதலில் கொஞ்சம் பழங்கதை. 1818-இல் கல்கத்தாவில் ஓரியன்டல் லைஃப் என்ற கம்பெனி தொடங்கியது. ஐரோப்பியர்களுக்காக ஐரோப்பியர்கள் நடத்தியது. 1834-இல் மூழ்கியது. நம் சென்னை மாகாணத்தில் மெட்ராஸ் ஈக்விட்டபிள் 1829-இல் வந்தது. அந்தக் காலத்து வெள்ளைக்காரக் கம்பெனிகள் நம்மவர் உயிருக்குப் பாலிசி கொடுத்தால் கூடுதல் பிரீமியம் கேட்டன. இந்திய உயிர் சீக்கிரம் போகும் உயிர் என்று கணக்கு. வேறுபாடு இல்லாமல் இந்தியர்களையும் சாதாரண விகிதத்தில் சேர்த்துக்கொண்ட முதல் இந்தியக் கம்பெனி, 1870-இல் தொடங்கிய பம்பாய் மியூச்சுவல். அரசாங்கம் 1884-இல் தபால் ஊழியர்களுக்கென அஞ்சல் ஆயுள் காப்பீட்டைத் தொடங்கியது. அது இன்றும் தனியாக நடக்கிறது.

பிறகு சுதேசி இயக்கம். வெளிநாட்டுத் துணியைக் கொளுத்தியவர்கள் வெளிநாட்டு இன்ஷூரன்ஸையும் விட்டுவிட நினைத்தார்கள். 1906-இல் சென்னையில் யுனைடெட் இந்தியா, கல்கத்தாவில் நேஷனல் இன்ஷூரன்ஸ், லாகூரில் கோ-ஆபரேடிவ் அஷ்யூரன்ஸ். 1907-இல் தாகூர் குடும்பத்து ஜோராசாங்கோ வீட்டின் ஓர் அறையில் இந்துஸ்தான் கோ-ஆபரேடிவ். நல்ல நோக்கத்தோடு வந்தவர்கள் பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். கல்யாணத்துக்கு ஒரு சந்தா, குழந்தை பிறந்தால் ஒரு சந்தா, செத்தால் ஒரு சந்தா என்று வசூலித்துவிட்டுக் கதவைச் சாத்திய சின்னச் சின்ன சங்கங்கள் ஏராளம். 1912-இல் ஒரு சட்டம், 1938-இல் அதைவிடக் கடுமையான இன்ஷூரன்ஸ் சட்டம். அப்படியும் நிற்கவில்லை.

யுனைடெட் இந்தியாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அதைப் பின்னாளில் நடத்தியவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார், 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியவரும் அவரே. சென்னை மவுண்ட் ரோட்டில் இந்தியாவிலேயே உயரமான கட்டடம் தம் கம்பெனிக்கு வேண்டும் என்று 1953-இல் வேலையைத் தொடங்கினார். 1954 மார்ச்சில் சிங்கப்பூரில் நடந்த விமான விபத்தில் இறந்தார். கட்டடம் அரைகுறையாக நின்றபோதே கம்பெனி அரசுடைமை ஆனது. 1959 ஆகஸ்டில் மொரார்ஜி தேசாய் அதைத் திறந்து வைத்தபோது அதன் பெயர் எல்.ஐ.சி. கட்டடம். பதினாலு மாடி. கிராமத்திலிருந்து கதாநாயகன் சென்னைக்கு வந்துவிட்டான் என்று காட்ட நம் சினிமாக்காரர்களுக்கு சென்ட்ரல் ஸ்டேஷனும் இந்தக் கட்டடமும் போதும். எங்கள் தெருவில் பட்டணம் போய்வந்தவர்களிடம் பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வியே, "பதினாலு மாடியைப் பாத்தீங்களா?" செட்டியார் பெயரை யாரும் கேட்டதில்லை.

1956 ஜனவரி 19 இரவு நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக் வானொலியில் பேசினார். ஆயுள் காப்பீட்டுத் தொழில் முழுவதையும் அரசு எடுத்துக்கொள்கிறது, அவசரச் சட்டம் வந்தாயிற்று என்றார். 154 இந்தியக் கம்பெனிகள், 16 வெளிநாட்டுக் கம்பெனிகள், 75 பிராவிடன்ட் சங்கங்கள், ஆக 245. அவர் சொன்ன காரணங்களில் ஒன்று சோசலிசம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இன்னொன்று: அதற்கு முந்தைய பத்தாண்டில் 25 ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிகள் திவாலாகியிருந்தன, இன்னும் 25 கம்பெனிகள் பணத்தைக் கரைத்துவிட்டு, பாலிசிதாரர்களுக்கு நஷ்டம் வைத்து, வேறு கம்பெனிகளிடம் வியாபாரத்தைத் தள்ளிவிட்டிருந்தன. மளிகைக்கடை மூடினால் அடுத்த கடைக்குப் போகலாம். இருபது வருஷம் பிரீமியம் கட்டியவர் பத்தொன்பதாவது வருஷம் கம்பெனி மூடினால் எங்கே போவார்? அப்போது அவர் வயதுக்கு வேறு யாரும் பாலிசி தரவும் மாட்டார்கள்.

1956 செப்டம்பர் 1 அன்று 5 கோடி ரூபாய் மூலதனத்தோடு எல்.ஐ.சி. பிறந்தது. 5 மண்டலம், 33 கோட்டம், 212 கிளை. எல்.ஐ.சி. சட்டத்தின் 37-ஆவது பிரிவு, பாலிசியில் எழுதிய தொகைக்கும் அதன் போனஸுக்கும் மத்திய அரசே பொறுப்பு என்கிறது. அந்தப் பிரிவு இன்றைக்கும் இருக்கிறது. எங்கள் ஊர் ஏஜென்ட்கள் அந்தப் பிரிவின் எண்ணை அறிந்திருக்க மாட்டார்கள். "கவர்மென்ட் பணம்ணே, எங்கயும் ஓடாது" என்பார்கள். சாராம்சம் அதுதான்.

ஓடவில்லையே தவிர, தடுமாறியது. பிறந்து பத்து மாதம்தான், 1957 ஜூனில், கல்கத்தா வியாபாரி ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு கம்பெனிகளில் ஏறக்குறைய ஒண்ணேகால் கோடி ரூபாய்க்கு எல்.ஐ.சி. பங்கு வாங்கியது. முந்த்ரா நெருக்கடியில் இருந்தார். பங்குகளின் மதிப்போ விலைக்குத் தகுந்ததாக இல்லை. அந்த டிசம்பரில் மக்களவையில் இதைக் கிளப்பியவர் எதிர்க்கட்சிக்காரர் அல்ல. ஆளும் காங்கிரஸின் உறுப்பினர், பிரதமர் நேருவின் மருமகன், பெரோஸ் காந்தி. முந்தின ஆண்டுகளில் டால்மியாவின் பாரத் இன்ஷூரன்ஸ் முறைகேட்டையும் அவர்தான் அவையில் புட்டுப்புட்டு வைத்திருந்தார். தனியார் தின்றபோது கேட்ட கேள்வியை அரசு நிறுவனம் சறுக்கியபோதும் அதே குரலில் கேட்டார். பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளாவை விசாரிக்கச் சொன்னார்கள். அவர் விசாரணையைப் பொதுமக்கள் முன்னிலையில் நடத்தினார். உள்ளே இடம் போதாமல் வெளியே நின்றவர்களுக்காக ஒலிபெருக்கி கட்டவேண்டி வந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, நம் சென்னைக்காரர், பதவி விலகினார்.

இதை ஏன் நீட்டிச் சொல்கிறேன் என்றால், அந்த விசாரணையில் மையமாக இருந்த கேள்வி பங்குச் சந்தையைப் பற்றியது அல்ல. இது யாருடைய பணம் என்பது. எங்கப்பா மாதிரி ஆட்களுக்காக அதை ஒரு நீதிபதி ஒலிபெருக்கி வைத்துக் கேட்டார். சூடு கண்ட பூனை ஆனது எல்.ஐ.சி. அதன் பிறகு அதன் நடையில் இருந்த மந்தத்துக்கும் நிதானத்துக்கும் அந்தச் சூடு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

வியாபாரம் எப்படி நடக்கிறது என்று பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்; பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். முப்பது வயது ஆட்கள் ஆயிரம் பேரை நிறுத்துங்கள். அடுத்த ஆண்டுக்குள் யார் இறப்பார் என்று எந்த ஜோசியரும் சொல்ல முடியாது. ஆனால் எத்தனை பேர் இறப்பார்கள் என்று காப்பீட்டுக் கணக்கர் சொல்வார்: இப்போதைய இந்திய இறப்பு அட்டவணைப்படி ஏறக்குறைய ஒருவர். ஐம்பது வயதுக்காரர்களானால் நாலு பேருக்குக் கொஞ்சம் மேல். இறந்த அந்த ஒருவர் வீட்டுக்கு ஒரு லட்சம் தரவேண்டுமானால், ஆயிரம் பேரும் தலைக்கு நூறு ரூபாய் போட்டால் போதும். மிச்சம் 999 பேர் போட்ட நூறு போனதுதான், திரும்பாது. இதுதான் சுத்தமான காப்பீடு. டெர்ம் பாலிசி என்கிறோம்.

இந்த 'போனதுதான்' என்ற இடத்தில் நம்மாட்கள் நின்றுவிடுவார்கள். "சாகாட்டி ஒண்ணுமே வராதா?" என்பார்கள். வராது என்றால் எழுந்து போய்விடுவார்கள். சைக்கிளில் வந்தவருக்கு இது தெரியும். அதனால் அவர் நூறு ரூபாய்ப் பொருளை விற்கவில்லை. ஐயாயிரம் ரூபாய்ப் பொருளை விற்றார். முப்பது வயதில், இருபது வருஷத்துக்கு ஒரு லட்சம் எண்டோமென்ட் எடுத்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 5,000 ரூபாய் கட்டவேண்டும். அதில் சாவுக்கான பங்கு சொற்பம். மீதி சேமிப்பு. அந்தச் சேமிப்பை எல்.ஐ.சி. பெரும்பகுதி அரசுக் கடன் பத்திரங்களில் போடும். மின்வாரியங்களுக்கும் குடிநீர்த் திட்டங்களுக்கும் வீட்டு வசதிக்கும் கடன் கொடுக்கும். வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கிணறுகளுக்குக் கரண்ட் இழுத்தது மின்வாரியம். மின்வாரியங்களுக்குக் கடன் கொடுத்தவர்களில் எல்.ஐ.சி.யும் உண்டு. அப்பா கட்டிய பணத்தில் எங்கோ ஒரு கம்பம் நட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வது எனக்குப் பிடிக்கும். 2025 மார்ச் முடிவில் எல்.ஐ.சி. கையாண்ட சொத்து 54 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். வேறெந்த வழியிலும் உண்டியலைத் தாண்டாத சில்லறை, அந்த ஏஜென்ட்களின் ரெக்சின் பை வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது. இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் குடும்பத்தின் பக்கமிருந்து பாருங்கள். ஆண்டுக்கு 5,000 கட்டுவது கூலிக்காரருக்குப் பெரிய காரியம். அதைக் கட்டியும், அவர் ஐந்தாவது வருஷம் இறந்தால் வீட்டுக்கு வருவது ஒரு லட்சமும் கொஞ்சம் போனஸும். அந்தக் குடும்பத்துக்கு அது எத்தனை மாதச் சாப்பாடு? எல்.ஐ.சி. நமக்குச் சேமிக்கச் சொல்லிக்கொடுத்தது; காப்பீடு செய்யச் சொல்லிக்கொடுக்கவில்லை. இதுதான் என் குற்றச்சாட்டு.

மக்கள் கேட்கவில்லை, அதனால் விற்கவில்லை என்று பதில் வரும். பாதி உண்மை. மறுபாதி நீதிமன்றத்தில் இருக்கிறது. எல்.ஐ.சி.யிடம் 58-ஆம் எண் அட்டவணை என்றொரு மலிவான டெர்ம் திட்டம் இருந்தது. யாருக்கு? அரசு ஊழியர், அரசு சார்ந்த நிறுவன ஊழியர், பேர்பெற்ற வணிக நிறுவனங்களில் மாதச் சம்பளம் வாங்குகிறவர். அரம் பிடிக்கிறவர் கேட்டாலும் கிடையாது. பேகம்பூர் தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் நிற்கிறவருக்குக் கிடையாது, சின்னாளபட்டித் தறிக்காரருக்குக் கிடையாது, நிலக்கோட்டையில் பூப் பறிக்கிறவருக்குக் கிடையாது. அகமதாபாத்தின் நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் வழக்குப் போட்டது. 1995-இல் உச்ச நீதிமன்றம், சம்பளக்காரருக்கு மட்டும் என்ற நிபந்தனை அரசியல் சட்டத்தின் சமத்துவ உரிமைக்கு முரண் என்று அதை அடித்தது. அரசுடைமையாகி 39 ஆண்டுகள் கழித்து.

பெண்கள் கதை இன்னும் கசப்பானது. சொந்த வருமானம் இல்லாத பெண்ணுக்குப் பாலிசி கொடுத்தால் அதில் ஒரு விதி சேர்த்து வந்தார்கள். மூன்று ஆண்டுக்குள் அவள் விபத்தில் இறந்து, அந்த விபத்து பொது இடத்தில் நடந்ததாக இல்லாவிட்டால், கட்டிய பிரீமியத்துக்கு மேல் கிடையாது. ரோட்டில் லாரி மோதினால் முழுப் பணம். அடுப்படியில் சேலை பற்றினால் இல்லை. பாலிசிக்காக மருமகளைக் கொளுத்திவிடுவார்கள் என்ற பயம் காரணம். பயத்துக்கு ஆதாரம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. நம் வீடுகளைப் பற்றி ஒரு காப்பீட்டு நிறுவனம் எழுதிவைத்த மதிப்பீடு அது. படித்த நாளிலிருந்து எனக்கு உறுத்துகிறது.

ஏஜென்டைக் குறை சொல்லிவிட்டுப் போகலாமா? அவர் வயிற்றையும் பார்க்கவேண்டும். அவருக்குச் சம்பளம் இல்லை. முதலாண்டு பிரீமியத்தில் 35 சதவீதம் வரை கமிஷன், அடுத்த இரண்டு ஆண்டு ஏழரை, பிறகு ஐந்து. நெடுங்காலம் நடந்த கணக்கு இது. நூறு ரூபாய் டெர்ம் பாலிசிக்காக சிறுமலை அடிவாரம் வரை சைக்கிள் மிதித்தால் ட்யூப் ஒட்டக்கூடக் காணாது. ஏஜென்சி மனைவி பெயரில், அலைச்சல் கணவருக்கு என்ற ஏற்பாடுகளும் நிறைய. முதல் பிரீமியத்தைத் தன் கமிஷனிலிருந்து கட்டிவிட்டு ஆளைச் சேர்ப்பதும் உண்டு. அது சட்டப்படி குற்றம் என்று அதே படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும்.

சேர்ப்பதைவிடத் தொடர்வதுதான் பாடு. நம் சமவெளியில் வருமானம் மாதாமாதம் வராது. சித்திரையில் மல்லிகை கொட்டும், விலை இருக்காது. மார்கழியில் விலை ஏறும், செடியில் பூ இருக்காது. பிரீமியத் தேதிக்கு இது தெரியாது. ஒரு தவணை தவறி, சலுகை நாட்களும் கடந்துவிட்டால் பாலிசி லேப்ஸ். மூன்று வருஷம் முழுதாகக் கட்டாமல் நின்றால் போட்டதெல்லாம் போச்சு என்பதே பல காலம் விதி. 2024 அக்டோபர் முதல்தான் ஒரு வருஷப் பிரீமியம் கட்டியிருந்தாலும் சரண்டர் மதிப்பு உண்டு என்றாயிற்று. நல்ல ஏஜென்ட் என்ன செய்வார் தெரியுமா? கைக்காசைக் கட்டிவிட்டு அறுவடைக்குப் பிறகு வாங்கிக்கொள்வார். எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஏஜென்ட் அதைத்தான் செய்தார். அவர் நோட்டுப் புத்தகத்தில் வராத கடன்கள் இன்னும் இருப்பதாக அவர் மகன் எனக்குச் சொன்னார், சொல்லிவிட்டுச் சிரித்தார்.

எங்கப்பா பாலிசி 1983-இல் முதிர்ந்தது. கையெழுத்துப் போட்ட அன்று 2,000 என்பது எங்கள் தெருவில் ஒரு வீட்டை நினைக்கவைத்த தொகை. கைக்கு வந்த அன்று, போனஸோடு சேர்த்து, தங்கை கல்யாணத்துப் பந்தலுக்கும் சமையலுக்கும் சரியாயிருந்தது. யாரும் ஏமாற்றவில்லை. ரூபாய் இளைத்துவிட்டது. ஏஜென்ட் கல்யாணத்துக்கு வந்து முதல் பந்தியில் சாப்பிட்டார். அம்மா அவரிடம், "சொன்ன மாதிரி கல்யாணப் பேச்சாவே முடிச்சுட்டீக தம்பி" என்றாள்.

2000-இல் தனியார் கம்பெனிகளுக்குக் கதவு திறந்ததையும், 2022 மே மாதம் எல்.ஐ.சி. பங்குச் சந்தைக்குப் போனதையும் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அரசு மூன்றரை சதவீதப் பங்கை விற்று 20,500 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியது. விலை 949, பாலிசிதாரர்களுக்கு 60 ரூபாய் தள்ளுபடி. மே 17 அன்று வர்த்தகம் தொடங்கியபோதே விலைக்குக் கீழே தொடங்கியது. நான் கவலைப்படுவது அந்த விலையைப் பற்றி அல்ல. லாபத்தில் 95 சதவீதம் பாலிசிதாரருக்கு, 5 சதவீதம் அரசுக்கு என்றிருந்த பங்கீட்டை, போனஸ் பாலிசிகளில் படிப்படியாக 90க்கு 10 என்று ஆக்கினார்கள். போனஸ் இல்லாத பாலிசிகளின் லாபம் முழுதும் பங்குதாரருக்கு. இது யாருடைய பணம் என்ற 1958-இன் கேள்விக்கு இப்போது இரண்டு பதில். இந்த முறை ஒலிபெருக்கி கட்டவில்லை.

தனியார் வந்ததால் டெர்ம் பாலிசி பரவியது, உண்மை. கூடவே, ஃபிக்சட் டெபாசிட் போட வங்கிக்குப் போன என் உறவுக்காரப் பெரியவர் ஒருவர், பதினைந்து வருஷம் பிரீமியம் கட்டவேண்டிய பாலிசியோடு வீட்டுக்கு வந்தார். எழுபது வயதில். கையெழுத்துப் போட்ட இடங்களை மட்டும் அவருக்கு ஞாபகம் இருந்தது.

ஏழைக்கான காப்பீடு என்று பார்த்தால், எனக்குத் தெரிந்து இன்று கைக்கெட்டும் நல்ல பொருள் 2015 மே மாதம் வந்த பிரதமர் ஜீவன் ஜோதித் திட்டம். 18 முதல் 50 வயதுக்குள் சேரலாம். ஆண்டுக்கு 330 என்று தொடங்கி 2022 ஜூன் முதல் 436 ரூபாய். எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். சேர்ந்த முதல் 30 நாளில் மட்டும் விபத்துச் சாவுக்குத்தான் தருவார்கள். எங்கப்பா காலத்தில் சம்பளக்காரருக்கு மட்டும் என்று வைத்திருந்ததை, வங்கிக் கணக்குள்ள எவருக்கும் என்று கொடுத்துவிட்டார்கள். 2 லட்சம் போதுமா என்றால் போதாது. ஆனாலும் 5,000 கட்டி 1 லட்சம் என்ற பழைய கணக்கோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரசும் இந்த வித்தியாசத்தை உணராமல், டெர்ம் பாலிசிக்கு 18 சதவீதம், எண்டோமென்டுக்கு முதலாண்டு நாலரை சதவீதம் என்று வெகுநாள் வரி வாங்கியது. 2025 செப்டம்பர் 22 முதல்தான் தனிநபர் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. முழுதாக நீங்கியது.

கடன்பட்டவர்களுக்கு ஒரு பழைய சட்டம் இருக்கிறது. நம் மாகாணத்துக்கு அதில் ஒரு பெருமையும் உண்டு. 1874-ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம், 6-ஆவது பிரிவு. ஒருவர் தம் மனைவிக்காகவும் பிள்ளைகளுக்காகவும் என்று அதன்படி பாலிசி எடுத்தால், அந்தப் பணம் அவர்களுக்கான அறக்கட்டளை ஆகிவிடும். கடன்காரர் தொட முடியாது. இந்து, முஸ்லிம் குடும்பங்களுக்கு இது செல்லுமா என்ற வழக்குகளுக்குப் பிறகு, 1913 டிசம்பர் 31-க்குப் பின் எடுத்த பாலிசி என்றால் செல்லும் என்று சென்னைக்குக் கொடுத்தார்கள். மற்ற மாகாணங்களுக்கு 1923 ஏப்ரல் வரை காத்திருக்கவேண்டி வந்தது. பாலிசி எடுக்கிற அன்றே தனிப் படிவத்தில் கையெழுத்து வேண்டும். பின்னால் சேர்க்க முடியாது. ஒட்டன்சத்திரம் கமிஷன் மண்டிக்காரரும் ஆழ்துளைக் கிணறு போட்டுக் கடன்பட்ட விவசாயியும் முதலில் கேட்கவேண்டிய படிவம் இதுதான். கேட்ட ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

கடைசியாக எங்கள் வீட்டு பாண்ட் பேப்பரைப் பற்றி. 1963-இல் எழுதியபோது அதில் நாமினி ஆத்தா. 1971-இல் ஆத்தா இறந்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து இலை எடுத்த கையோடு, அதே ரெக்சின் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து அப்பாவிடம் நீட்டினார் ஏஜென்ட். "அண்ணே, மதினி பேரைப் போட்டுருவோம்." அதில் அவருக்குக் கமிஷன் கிடையாது.

இன்று வீட்டுக்குப் போனதும் பீரோவைத் திறந்து பாலிசியை எடுத்து நாமினி பெயரைப் பாருங்கள். அவர் உயிரோடு இருக்கிறாரா, இப்போதும் அவர்தான் வேண்டுமா என்று பாருங்கள். பாஸ்புக்கில் மே மாதக் கடைசியில் 436 ரூபாய் பிடித்த பதிவு இருந்தால், அது என்னவென்று வீட்டில் ஒருவரிடம் இன்றிரவே சொல்லுங்கள். 2023-24இல் முதிர்ந்தும் யாரும் கேட்டு வராமல் எல்.ஐ.சி.யில் கிடந்த தொகை 880 கோடியே 93 லட்சம் ரூபாய் என்று நாடாளுமன்றத்தில் சொன்னார்கள். அதற்கு உரியவர்கள் 3,72,282 பேர்.